லோதி கார்டன் போறீங்களா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல டெல்லி சுத்திப் பார்க்குறது பத்தி எழுதினப்போ பழைய சுல்தான்கள் சமாதியெல்லாம் இருக்குற லோதி கார்டன் பார்க்குக்கு ஒரு வரிதான் குடுத்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கேள்வி வந்துருக்கு, அதனால இந்த வாரம் முழுக்க அதேதான்.

டெல்லில ஒரே ஒரு நாள்தான் கையில இருக்கு. செங்கோட்டை, குதுப்மினார்லாம் விட்டுட்டு ஒரு பார்க்குக்கு போகணுமா? (வாசகி, தஞ்சாவூர்)

எதையும் விட வேணாம்மா. மத்த இடமெல்லாம் திறக்கறதுக்கு முன்னாடியே, விடியக்காலையிலயே இது திறந்துடும், டிக்கெட்டும் கிடையாது. நீங்க ரூம்ல காபிக்கு காத்துட்டு இருக்குற நேரத்துல இத பார்த்து முடிச்சுட்டு ஒன்பது மணிக்கெல்லாம் செங்கோட்டைக்கு கிளம்பிடலாம். திங்கக்கிழமையா இருந்தா செங்கோட்டை லீவு, அத மட்டும் பார்த்துக்கோங்க. மெட்ரோல வந்தா மஞ்சள் லைன்ல ஜோர் பாக் ஸ்டேஷன்ல இறங்கி ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் நடை. ரயில்ல வந்து நியூ டெல்லி ஸ்டேஷன்ல இறங்குறவங்க அஜ்மீரி கேட் பக்கமா வெளிய வந்தா அதே மஞ்சள் லைன்தான், எங்கயும் மாற வேண்டியதில்ல.

பார்க்குக்குள்ள ஏன் சமாதி கட்டினாங்க? (வாசகர், ஈரோடு)

கதை அப்படியே தலைகீழ் சார். சமாதிங்கதான் முதல்ல, பார்க்குக்கு இன்னும் நூறு வயசு கூட ஆகல. 15, 16ஆம் நூற்றாண்டு கட்டடங்க இது, அப்புறம் காலப்போக்குல அதச் சுத்தி கைர்பூர்னு ஒரு கிராமமே வந்துருச்சு. ஜனங்க அங்க குடித்தனம் நடத்திட்டு இருந்தாங்க, 1930கள்ல வெள்ளைக்காரங்க அந்த ஊரயே காலி பண்ண வச்சு புல்ல வளர்த்து மரத்த நட்டு 1936 ஏப்ரல் 9ஆம் தேதி திறந்தாங்க. வச்ச பேரு லேடி வில்லிங்டன் பார்க். வைஸ்ராய் வில்லிங்டனோட சம்சாரம் பேரு அது. அந்த வில்லிங்டன் வேற யாரும் இல்ல, 1919லேர்ந்து 1924 வரைக்கும் நம்ம மெட்ராஸ்ல கவர்னரா இருந்தவர்தான், சென்னைல அந்தம்மா பேர்ல ஒரு காலேஜ் கூட இருக்கு. சுதந்திரத்துக்கு அப்புறம் பேர மாத்திட்டாங்க, ஆனா பழைய பேரும் தேதியும் செதுக்கின கல்லு ஒரு வாசல்ல இன்னும் இருக்கு. எல்லாரும் கும்பட்டத்த போட்டோ எடுக்கறாங்க, இந்த கல்ல ஒருத்தரும் கண்டுக்கறதில்ல. அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு கல்லு கூட இல்லங்கறது எனக்கு எப்பவுமே உறுத்துற விஷயம்.

இப்ப நாம பார்க்குற அமைப்பு 1968ல ஜோசப் ஆலன் ஸ்டைன்ங்கற ஆர்க்கிடெக்டும் காரெட் எக்போங்கற தோட்ட வடிவமைப்பாளரும் மாத்தி போட்டது. கண்ணாடி செடி வீடெல்லாம் அப்ப வந்ததுதான். பக்கத்துல இருக்குற இந்தியா இன்டர்நேஷனல் சென்டரும் ஸ்டைன் கட்டினதுதான், ரெண்டையும் சேர்த்து பார்த்தா ஆளோட கைவண்ணம் புரியும்.

பையன் எட்டாவது படிக்கிறான். எல்லா கட்டடமும் ஒரே மாதிரி இருக்கே, எது யாருதுன்னு கேட்டு உயிர வாங்குறான். எப்படி சொல்றது? (வாசகர், நாகர்கோவில்)

அவன விட்டே கண்டுபிடிக்க வைங்க, ஈசிதான். கட்டடத்த ஒரு சுத்து சுத்தி எத்தனை பக்கம்னு எண்ண சொல்லுங்க. எட்டு பக்கம்னா சுல்தான், நாலு பக்கம்னா பிரபுக்கள், பெரிய பதவில இருந்தவங்க. அந்த காலத்து டெல்லி வழக்கம் அது.

லோதி ரோடு பக்கமா நுழைஞ்சா முதல்ல வர்றது எட்டு பக்கம், முகமது ஷா சமாதி. சுத்திலும் வராண்டா, ஒவ்வொரு பக்கத்துக்கும் மூணு வளைவு, மூலைல எல்லாம் சாய்வா முட்டுக் கொடுத்த மாதிரி கல்லு. மேல கும்பட்டத்த சுத்தி எட்டு குட்டி சத்ரி, அதாவது தூண் மேல குடை கவுத்த மாதிரி மண்டபம், நிக்கும், உச்சில கவுத்து வச்ச தாமரை. இவர் லோதியே இல்லங்கறதுதான் வேடிக்கை, சையது வம்சம், 1440கள்ல செத்தவர். இத கட்டினது அவர் மகன் ஆலம் ஷா. அப்பாவுக்கு இவ்ளோ கம்பீரமா கட்டிட்டு, கொஞ்ச வருஷத்துல டெல்லியே வேணாம்னு பதாயூன்ங்கற ஊர்ல போய் உக்காந்துட்டார், 1451ல பஹ்லோல் லோதி வந்து சிம்மாசனத்துல ஏறிட்டார். லோதி கார்டன்ல இருக்குறதுலயே ரொம்ப பழைய சமாதி லோதிங்களுக்கு முந்தின வம்சத்தோடது, பையன்கிட்ட இத சொல்லுங்க, மறக்கவே மாட்டான்.

நடுவுல பெருசா நிக்கிறது படா கும்பட். நாலு பக்கம். வெளிலேர்ந்து பார்த்தா ரெண்டு மாடின்னு தோணும், உள்ள போனா ஒரே ஹால்தான், அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கும். சமாதி எங்கன்னு தேடாதீங்க, உள்ள சமாதியே கிடையாது. ஒட்டினாப்புல இருக்குற மசூதிக்கு வாசலா கட்டினாங்கன்னு ஒரு கட்சி, சமாதியா இருந்திருக்கும்னு இன்னொரு கட்சி. மசூதி 1494ல கட்டினது. என்ன கேட்டா பார்க் முழுக்க இருக்குறதுல இந்த மசூதி சுவருக்குத்தான் அதிக நேரம் குடுக்கணும். சாந்து பூசி அது மேல கொடியும் குரான் எழுத்துமா செதுக்கி வச்சிருக்காங்க, பக்கத்துல போய் பார்த்தா ஒரு விரல் அகலம் கூட வெத்தா விடல.

எதிர்ல ஷீஷ் கும்பட். ஒரு காலத்துல நீல ஓடு பளபளன்னு பதிச்சிருந்தது, இப்ப வெளிச்சுவத்துல பட்டையா கொஞ்சம்தான் மிச்சம். காலை வெயில் படும்போது பாருங்க. உள்ள பல சமாதி, யாருதுன்னு பேரு இல்ல. பஹ்லோல் லோதி இங்கதான் இருக்கார்னு சில பேர் சொல்றாங்க, சிராக் டெல்லில இருக்குற கட்டடம்தான் அவருதுன்னு வழக்கமா சொல்றது.

வடக்கு பக்கம் கடைசில மதில் சுவருக்குள்ள இருக்கறது சிகந்தர் லோதி. மறுபடியும் எட்டு பக்கம், 1517ல ஆக்ராவுல செத்தார், மகன் இப்ராஹிம் கட்டினது. முகமது ஷாவோடத பார்த்துட்டு நேரா இங்க வந்தா என்ன குறையுதுன்னு பையன கேளுங்க: மேல அந்த குட்டி சத்ரிங்க இருக்காது. அந்த இப்ராஹிம் 1526ல பானிபட்ல பாபர்கிட்ட தோத்து அங்கயே செத்து அங்கயே புதைஞ்சுட்டார், அதோட லோதி கதை முடிஞ்சுது. வெளிய வர்ற வழில தண்ணி மேல ஒரு கல் பாலம் இருக்கும், எட்டு தூண் ஏழு வளைவு, அது அக்பர் காலத்து சமாச்சாரம். ஒரே நடைல சையது, லோதி, முகல் மூணு சிலபஸும் கவர் ஆயிடும்.

அம்மா சமாதி இருக்குற இடத்துக்கு வரமாட்டேங்குறாங்க, வந்தா தலைக்கு குளிக்கணுமாம். என்ன பண்றது? (வாசகி, கும்பகோணம்)

வெளியவே ஒரு பெஞ்சுல உக்கார வைங்க, உள்ள கூப்பிட்டு கட்டாயப்படுத்தாதீங்க. சுத்தி வாக்கிங் போறவங்க, யோகா பண்றவங்க, தள்ளுவண்டில குழந்தை, தண்ணில வாத்துன்னு பார்த்தா பத்து நிமிஷத்துல அவங்களே எழுந்து நடக்க ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறமும் குளிச்சாதான் திருப்தின்னா குளிக்கட்டுமே, டெல்லி தூசிக்கு எப்படியும் குளிக்கத்தானே போறோம்.

கல்யாணத்துக்கு முன்னாடி போட்டோ ஷூட் வைக்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

போன்ல எடுக்குறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. ட்ரைபாட், லைட்டுன்னு படையோட போறதா இருந்தா முன்கூட்டியே பர்மிஷன் வாங்குங்க, இது தொல்லியல் துறை பாதுகாக்குற கட்டடங்க. போஸுக்காக சமாதி மேல உக்காராதீங்க. அப்புறம் ஹார்ட் போட்டு ரெண்டு பேர் பேரையும் சுவத்துல கீறுற அந்த வேலை வேணவே வேணாம், சட்டப்படி ரெண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம், இல்லன்னா ரெண்டும்.

எந்த மாசம் போறது நல்லது? (வாசகர், மதுரை)

பிப்ரவரி, மார்ச். பூவெல்லாம் அப்பதான், குளிரும் தாங்குற அளவுக்கு இருக்கும். ஸ்கூல் லீவுன்னு மே மாசம் கிளம்புறவங்க 40 டிகிரிக்கு மேல வறுபடுவீங்க, அப்ப போனா ஏழு மணிக்குள்ள உள்ள இருக்கணும். நவம்பர்ல புகை மூட்டம், வயசானவங்களுக்கும் ஆஸ்துமா இருக்குறவங்களுக்கும் ஆகாது. டிசம்பர் ஜனவரில பனிமூட்டத்துல கும்பட்டமே கண்ணுக்கு தெரியாத காலைகளும் உண்டு, ரயிலும் லேட் ஆகும், அதனால திரும்பி வர்ற டிக்கெட்ட கொஞ்சம் தாராளமா நேரம் விட்டு போடுங்க. மதுரைலேர்ந்து வர்றீங்க, ஒரு ஸ்வெட்டர் போதும்னு நினைச்சுட்டு வராதீங்க, காதுக்கு ஒரு மப்ளரும் எடுத்துக்கோங்க.