ஃபார்மட் அடிக்காமல் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 இருக்கிறது. ஸ்டார்ட் மெனு திறப்பதில்லை, அப்டேட் பாதியில் நின்று எர்ரர் காட்டுகிறது. சர்வீஸ் கடையில் "ஃபார்மட் அடிச்சு புதுசா ஓ.எஸ். போட்டுடலாம்" என்கிறார்கள். ஆனால் டாலியோடு பழைய பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்றும் அதில் ஓடுகிறது. அதைப் போட்டுக்கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை, சி.டி.யும் கிடையாது. புரோகிராம்கள் போகாமல் சரிசெய்ய வழி உண்டா?
– வாசகர், கரூர்

பதில்: உண்டு. கடைக்காரருக்கு ஃபார்மட்தான் சுலபம், நேரம் குறைவு. போன புரோகிராம்களைத் தேடி அலைவது உங்கள் தலையில்தான் விழும்.

விண்டோஸைத் தொடுவதற்கு முன் ஹார்டு டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். பழுதான டிஸ்க்கில் ரிப்பேர் ஓட்டினால் இருப்பதும் போகும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீலத்தில் 'குட்' என்றால் மேலே போகலாம். மஞ்சளில் 'காஷன்' அல்லது சிவப்பில் 'பேட்' என்றால் நிறுத்திவிட்டு, கீழே குளோன் (டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுப்பது) பற்றிய பதிலைப் படியுங்கள். டிஸ்க் நன்றாக இருந்தாலும் டாலி டேட்டா ஃபோல்டர், பில்லிங் டேட்டா, போட்டோக்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்துவிடுங்கள்.

அடுத்து, கமாண்ட் பிராம்ப்ட்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து இரண்டு கட்டளைகள். முதலில் டி.ஐ.எஸ்.எம். கருவியை ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரீஸ்டோர்ஹெல்த் என்ற மூன்று சொற்களோடு ஓட்ட வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு. அது முடிந்தபின் எஸ்.எஃப்.சி., இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ். பலர் இரண்டாவதை மட்டும் ஓட்டிவிட்டு "பயனில்லை" என்பார்கள். எஸ்.எஃப்.சி. கெட்ட ஃபைலுக்குப் பதிலாக நல்ல ஃபைலை எடுப்பது விண்டோஸின் உள் சேமிப்பிலிருந்து. அந்தச் சேமிப்பே கெட்டிருந்தால் அது எங்கிருந்து எடுக்கும்? அதைச் சரிசெய்வதுதான் டி.ஐ.எஸ்.எம். வேலை. 62 சதவீதத்திலோ வேறெங்கோ வெகுநேரம் நின்றாலும் பதறி மூடிவிடாதீர்கள்.

இதிலும் சரியாகவில்லை என்றால் ரிப்பேர் இன்ஸ்டால். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் மேலேயே அதே விண்டோஸை மறுபடி போடுவது இது. விண்டோஸ் ஃபைல்கள் புதிதாகும். புரோகிராம், செட்டிங்ஸ், ஃபைல் எல்லாம் இருக்கும். விண்டோஸ் 11-ன் 22எச்2, அதற்குப் பிந்தைய பதிப்புகளில் அப்டேட்கள் ஏறியிருந்தால் இதற்குத் தனி பட்டனே உண்டு: செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி போய், 'ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்' என்பதற்கு எதிரே 'ரீஇன்ஸ்டால் நவ்'. ஸ்டார்ட் மெனு திறக்காத உங்களுக்கு, விண்டோஸ் கீயோடு ஐ எழுத்தை அழுத்தினால் செட்டிங்ஸ் வரும்.

அப்டேட்டே கெட்டிருப்பதால் அந்த பட்டன் உங்களுக்கு வேலை செய்யாமல் போகலாம். அப்போது மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 ஐ.எஸ்.ஓ. ஃபைலை (விண்டோஸ் இன்ஸ்டால் டிஸ்க் முழுவதும் ஒரே ஃபைலாக) இறக்குங்கள். சி டிரைவில் 25 ஜி.பி.யாவது காலி இருக்கட்டும். தனியாகப் போட்ட ஆன்டிவைரஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். பாதியில் நின்றுபோவதற்கு அடிக்கடி காரணம் அதுதான். பிரின்டர், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றி, கீபோர்டும் மவுஸும் மட்டும் விடுங்கள். ஐ.எஸ்.ஓ.வை டபுள் கிளிக் செய்தால் தனி டிரைவாகத் திறக்கும். அதிலுள்ள 'செட்டப்'பை ஓட்டுங்கள். முதல் திரையில் 'சேஞ்ச் ஹவ் செட்டப் டவுன்லோட்ஸ் அப்டேட்ஸ்' போய் 'நாட் ரைட் நவ்' கொடுத்தால் அப்டேட் கோளாறு குறுக்கே வராது.

கடைசியாக வரும் 'ரெடி டு இன்ஸ்டால்' திரையை நிதானமாகப் படியுங்கள். 'கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்' என்று இருந்தால் மட்டுமே இன்ஸ்டால் கொடுக்கலாம். 'ஆப்ஸ்' என்ற சொல் இல்லையா, கேன்சல் செய்யுங்கள். எஸ்.எஸ்.டி.யில் ஒரு மணி நேரம், பழைய ஹார்டு டிஸ்க்கில் அதற்கு மேலும் ஆகும். நடுவில் சிலமுறை ரீஸ்டார்ட் ஆகும். கரன்ட் போனால் வம்பு, எனவே யு.பி.எஸ். இல்லாமல் இறங்க வேண்டாம். முடிந்தபின் பழைய விண்டோஸ் 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டரில் 10 நாள் இருக்கும். பில்லிங் சாஃப்ட்வேரில் ஒரு பில் போட்டுப் பிரின்ட் வரை பார்க்கும்முன் அதை அழிக்காதீர்கள்.

கேள்வி: ரிப்பேர் இன்ஸ்டால் செய்யப் பார்த்தேன். 'ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்' வரி மங்கலாக இருக்கிறது, தேர்ந்தெடுக்க முடியவில்லை. ஏன்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஐ.எஸ்.ஓ.வும் கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸும் பொருந்தவில்லை. நம் ஊரில் பெரும்பாலும் மொழிதான் காரணம். ஆங்கில விண்டோஸில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்', 'இன்டர்நேஷனல்' என்று இரண்டு உண்டு. திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, ஆனால் ஒன்றின் மேல் மற்றதைப் போட்டால் புரோகிராம்களை வைத்துக்கொள்ளாது. கமாண்ட் பிராம்ப்ட்டில் டி.ஐ.எஸ்.எம்., ஆன்லைன், கெட்-ஐ.என்.டி.எல். என்று (முன்போலவே இடைவெளி, சாய்கோடோடு) கொடுத்தால் 'டிஃபால்ட் சிஸ்டம் யு.ஐ. லாங்வேஜ்' என்ற வரி வரும். அதில் இ.என்.-யு.எஸ். என்றால் யுனைடெட் ஸ்டேட்ஸ், இ.என்.-ஜி.பி. என்றால் இன்டர்நேஷனல். அதே மொழியில் ஐ.எஸ்.ஓ. இறக்குங்கள்.

இன்னொரு காரணம் பதிப்பு. இருப்பதைவிடப் பழைய ஐ.எஸ்.ஓ. என்றால் ஏற்காது. வின்வர் என்று ரன் பெட்டியில் கொடுத்து எண்ணை ஒப்பிடுங்கள். யாரோ 'லைட்' என்று வெட்டிச் சுருக்கிக் கொடுத்த விண்டோஸ் என்றால் இந்த வழியை நம்ப முடியாது. அதிலிருந்து என்ன உருவப்பட்டிருக்கிறது என்று செட்டப்புக்கும் தெரியாது.

கேள்வி: 'ரீசெட் திஸ் பி.சி.'யில் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் புரோகிராம்கள் இருக்குமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இருக்காது. போட்டோ, டாகுமென்ட் மட்டும் மிஞ்சும். அழித்த புரோகிராம்களின் பட்டியலை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போகும், அவ்வளவே.

கேள்வி: விண்டோஸ் திறப்பதே இல்லை. 'பிரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்றே சுற்றிக்கொண்டிருக்கிறது. பென்டிரைவிலிருந்து பூட் செய்து ரிப்பேர் இன்ஸ்டால் போடலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: முடியாது. பென்டிரைவில் பூட் செய்தால் புரோகிராம்களை வைத்துக்கொள்ளும் வாய்ப்பு கிடைக்காது. அது ஓடும் விண்டோஸுக்குள்ளிருந்து மட்டுமே. எக்ஸ்.பி. காலத்தில் சி.டி.யில் பூட் செய்து ஆர் அழுத்தி ரிப்பேர் போட்ட பழக்கத்தில் பலர் இன்னும் அப்படி முயன்று, கடைசியில் எல்லாவற்றையும் அழித்துக்கொள்கிறார்கள்.

ஆகவே, எப்படியாவது ஒருமுறை விண்டோஸைத் திறக்கவைப்பதுதான் குறி. நீலத் திரையில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முதலில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்', அதில் குவாலிட்டி அப்டேட். அசையவில்லை என்றால் 'சிஸ்டம் ரீஸ்டோர்'. தேர்ந்தெடுக்கும் தேதிக்குப் பிறகு போட்ட புரோகிராம்கள் மட்டும் போகும், பழையவை இருக்கும். மூன்றாவது, 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியே 4 அழுத்தி சேஃப் மோடு (மிகத் தேவையானவற்றோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் முறை). சேஃப் மோடில் திறந்தால் புதிதாகப் போட்ட டிரைவர் அல்லது ஆன்டிவைரஸை நீக்கி, சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்து, பிறகு ரிப்பேர் இன்ஸ்டாலுக்குப் போங்கள்.

நடுவில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீ கேட்டால் திகைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் கொடுத்து செட்டப் செய்த கம்ப்யூட்டர் என்றால் பெரும்பாலும் அந்த அக்கவுன்ட்டிலேயே இருக்கும். மொபைலில் திறந்து பார்க்கலாம்.

கேள்வி: எஸ்.எஃப்.சி. ஒவ்வொரு முறையும் 'சரிசெய்தேன்' என்கிறது, மறுநாள் மறுபடி கெட்ட ஃபைல் காட்டுகிறது. நீலத் திரையும் வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு எர்ரர்.
– வாசகி, விருதுநகர்

பதில்: விண்டோஸை விடுங்கள், ரேமைப் பாருங்கள். ஒரே எர்ரர் திரும்பத் திரும்ப வந்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம்; ஆளுக்கொரு எர்ரர் வந்தால் ரேம்தான் முதல் சந்தேகம். மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் அது பழுதுதான். பவர் வயரைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள் இல்லாமல் உலர்ந்த துணியால் துடைத்து, 'க்ளிக்' என்று இருபக்கமும் பூட்டும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் போட்டுச் சோதித்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். அதன்பிறகுதான் ரிப்பேர் இன்ஸ்டால்.

கேள்வி: கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள் காட்டுகிறது. டிஸ்க்கை மாற்றினால் புரோகிராம்கள் போய்விடுமே?
– வாசகர், சேலம்

பதில்: குளோன் செய்தால் போகாது. 05, சி5, சி6 ஆகிய வரிகளின் எண்களைப் பாருங்கள். அவை கூடிக்கொண்டே போனால் டிஸ்க் சாகிறது. சி7 மட்டும் கூடினால் டிஸ்க்கில் பழுதில்லை, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினாலே தீரும் சாத்தியம் அதிகம்.

சாகும் டிஸ்க்கில் செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளை) ஓட்டாதீர்கள். மணிக்கணக்கில் டிஸ்க்கின் உள்ளே தகவலைப் படிக்கும் ஹெட்டை அலையவிட்டு மிச்ச உயிரையும் எடுத்துவிடும். புது எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். சாம்சங், டபிள்யூ.டி., குரூஷியல் ஆகியவை தங்கள் எஸ்.எஸ்.டி.க்கு இலவசக் குளோனிங் மென்பொருள் தருகின்றன. சி டிரைவை மட்டும் தேர்ந்தெடுத்தால் புது டிஸ்க் பூட் ஆகாது. சில நூறு எம்.பி.யே இருக்கும், பூட் ஃபைல்கள் உள்ள இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனையும் சேர்த்து முழு டிஸ்க்கையும் எடுங்கள். பேட் செக்டரில் (டிஸ்க்கில் படிக்க முடியாத இடத்தில்) குளோனிங் முட்டி நின்றால், லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ கைகொடுக்கும். நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிக்குப் பிறகு வருவது அதன் முறை. முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் முதல் பூட். விண்டோஸ் ஃபைல்கள் சில கெட்டிருந்தால் புது டிஸ்க்கில் ரிப்பேர் இன்ஸ்டால் போடுங்கள். ஹார்டுவேரோடு லைசென்ஸ் கட்டிய புரோகிராம்கள் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கக்கூடும். டாலி லைசென்ஸை, பழைய டிஸ்க் ஓடும்போதே சரண்டர் செய்துவிட்டால் நிம்மதி.

கேள்வி: தேதி தவறாகக் காட்டியதால் மதர்போர்டு பேட்டரி மாற்றினேன். இப்போது 'இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை.
– வாசகர், காரைக்குடி

பதில்: புது சி.ஆர்.2032 பேட்டரியில் குற்றமில்லை. பேட்டரியை எடுத்ததும் பயாஸ் (மதர்போர்டின் உள் மென்பொருள்) செட்டிங்ஸ் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். அதில் டிஸ்க் இயங்கும் முறையான சாட்டா மோடு, முன்பு ஏ.எச்.சி.ஐ. என்றிருந்து இப்போது ரெய்டு என்றோ, அதற்கு நேர்மாறாகவோ மாறியிருக்கிறதா பாருங்கள். விண்டோஸுக்குப் பழக்கமான மோடுக்குத் திருப்பினால் திறந்துவிடும். 'நோ பூட் டிவைஸ்' என்று வந்திருந்தால் யு.இ.எஃப்.ஐ., லெகசி என்ற இரண்டு பூட் முறைகளில் எது என்பதையும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டுமே புரோகிராம்களைத் தொடாது.