29, 61, பிறகு 31: ஆர்லி பர்க் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவின் 'ஆர்லி பர்க்' ஏவுகணை நாசகாரிக் கப்பலில் முன்னால் 29, பின்னால் 61 ஏவுகணை அறைகளாம். இதென்ன ஒட்டாத கணக்கு?

பதில்: சரியான இடத்தில்தான் இடறியிருக்கிறீர்கள். மார்க் 41 ஏவு அமைப்பு எட்டெட்டு அறைகள் கொண்ட தொகுதிகளாக வரும். முன்தளத்தில் 4 தொகுதி, பின்தளத்தில் 8. அப்படியானால் 32, 64 என்று இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் மும்மூன்று அறைகளை ஒரு மடக்கு கிரேன் விழுங்கிவிட்டது. துணைக் கப்பலிலிருந்து ஏவுகணையை வாங்கி, நடுக்கடலிலேயே அறைக்குள் இறக்குவதற்கான ஏற்பாடு அது.

காகிதத்தில் அழகான யோசனை. கப்பலில் ஏற்றும் டோமஹாக் ஏவுகணை, கிளப்பிவிடும் பூஸ்டருடன் ஏறத்தாழ ஆறேகால் மீட்டர் நீளம், ஒன்றரை டன் எடை. அது அடைத்து வரும் பெட்டியோடு நிமிர்த்தி, ஒட்டிப் பிடிக்கும் அளவே உள்ள வாய்க்குள் செருக வேண்டும். கப்பலோ ஆடிக்கொண்டே இருக்கும். பெட்டி ஊசலாடி விளிம்பில் மோதினால் ஏவுகணையும் போச்சு, அறையும் போச்சு. அதனால் துறைமுகத்துக்குப் போய்த்தான் நிரப்பினார்கள். 2000-இல் வந்த 'ஆஸ்கர் ஆஸ்டின்' கப்பல் முதல் கிரேனையே எடுத்துவிட்டு 96 அறைகளாக்கினார்கள். நடுக்கடல் ஆசை மட்டும் விடவில்லை: 2024 அக்டோபரில் 'சோசின்' என்ற குரூசர் வகைப் போர்க்கப்பலில், புதிய கருவி ஒன்றைக் கொண்டு காலிப் பெட்டியை இறக்கிப் பார்த்தார்கள்.

கேள்வி: பற்றவைத்த ஏவுகணை அறையைவிட்டுக் கிளம்பாமல் நின்றுவிட்டால்?

பதில்: எரிபொருள் உள்ளேயே எரிந்து தீரும். நெருப்பு தொகுதியின் அடியிலுள்ள புகைக்கூடத்துக்கு இறங்கி, இரு வரிசைகளுக்கு நடுவே உள்ள புகைவழியாக மேலே வெளியேறும். எட்டு அறைக்கும் ஒரே புகைவழிதான். ஆபத்து நெருப்பைவிட வெடிமுனை சூடேறுவதில் இருக்கிறது. அதற்காகவே பெட்டிக்குள் தண்ணீரைப் பீய்ச்சும் அமைப்பு உண்டு.

கேள்வி: கப்பலுக்குப் பெயர் தந்த இந்த பர்க் யார்? '31 நாட் பர்க்' என்கிறார்களே (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்)?

பதில்: இரண்டாம் உலகப் போரில் 23-வது நாசகாரி அணியின் தலைவர். 1943 நவம்பர் 25 அதிகாலை, நியூ அயர்லாந்துத் தீவின் செயின்ட் ஜார்ஜ் முனைக்கு அப்பால், தம் ஐந்து கப்பல்களோடு ஐந்து ஜப்பானிய நாசகாரிகளை மடக்கினார். பீரங்கி சுட்டால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். எனவே ரேடாரில் எதிரியைப் பிடித்து, முதலில் டார்பிடோக்களை விட்டார். ஓனாமி, மகினாமி, யூகிரி மூன்றும் மூழ்கின. இவர் பக்கம் ஒரு கப்பல்கூடப் போகவில்லை.

அந்தப் பயணத்தில் 'ஸ்பென்ஸ்' கப்பலின் கொதிகலன் குழாயில் துடைக்கும் பிரஷ் அடைத்துக்கொண்டதாம். 34 நாட் போகக்கூடிய அணி 31-க்கு இறங்கியது. கேலியாக ஒட்டிய பெயர், பிறகு பெருமையாகிவிட்டது. 1955 முதல் 1961 வரை அமெரிக்கக் கடற்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1991 ஜூலை 4 அன்று தம் பெயரிட்ட கப்பல் பணியில் சேர்ந்த விழாவுக்கு 89 வயதில் நேரில் வந்தார். உயிரோடிருப்பவர் பெயரைக் கப்பலுக்கு வைப்பது அபூர்வம்.

கேள்வி: ஆர்லி பர்க் கப்பலின் மேற்கட்டுமானம், அதாவது தளத்துக்கு மேலே எழும் பகுதி, ஏன் எஃகு? அலுமினியம் எடை குறைவாயிற்றே?

பதில்: குறைவுதான், தீயில் உருகியும்விடும். 1975 நவம்பரில் 'பெல்நாப்' குரூசர் விமானந்தாங்கியோடு மோதித் தீப்பிடித்தபோது அலுமினிய மேற்கட்டுமானம் நாசமானது. ஆர்லி பர்க்கில் மாஸ்ட் போன்ற சில பகுதிகள் நீங்கலாக மற்றதெல்லாம் எஃகு.