பூங்கா எங்கே போனது? நகரமைப்புக் கேள்வி பதில்

முப்பது வருஷத்துக்கு மேல் நகரமைப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தமிழ்நாட்டு மனைப்பிரிவு, கட்டட விதி, தெரு அமைப்பு பற்றிக் கேளுங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் உங்கள் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் குறுக்குத் தெரு: மேடம், எங்கள் லேஅவுட் 1994-இல் ஒப்புதல் பெற்றது. வரைபடத்தில் பூங்கா என்று இருக்கும் இடத்தில் போன மாதம் கம்பிவேலி போட்டு, ‘மனை விற்பனைக்கு’ என்று போர்டு வைத்துவிட்டார்கள். என்ன செய்வது?

வரைபடத்தில் பூங்கா என்று காட்டும் பச்சை நிறம் எல்லாம் ஒன்றல்ல. முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று, ஊர் முழுவதற்குமான முழுமைத் திட்டத்திலோ (மாஸ்டர் பிளான்) ஒரு பகுதிக்கான விரிவான வளர்ச்சித் திட்டத்திலோ தனியார் நிலத்தைப் பூங்காவுக்கு என்று ஒதுக்கிக் காட்டியது. 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி, மூன்று வருஷத்துக்குள் அந்த நிலத்தை எடுக்க அரசு நடவடிக்கை எடுக்கவில்லை என்றால் ஒதுக்கீடு விடுபட்டதாகிவிடும். எத்தனையோ பூங்காக்கள் இப்படிக் காகிதத்திலேயே செத்துப்போயிருக்கின்றன.

இன்னொன்று, மனைப்பிரிவு போடுகிறவர் விட்டுக்கொடுக்க வேண்டிய திறந்தவெளி. துறையில் இந்தத் திறந்தவெளி ஒதுக்கீட்டைச் சுருக்கமாக ஓஎஸ்ஆர் என்போம். 2019-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலைக்கு விட்டது போக மீதியில் 10 சதவீதம் விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரைக்கும் இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்ட வழி உண்டு. அதைத் தாண்டினால் நிலமாகத்தான் கொடுக்க வேண்டும். இந்த நிலம் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் போகிறது. அதற்கு மூன்று வருஷக் கெடு கிடையாது.

உங்களுடையது இரண்டாவது வகை. ஒப்புதல் எண்ணோடு கூடிய வரைபட நகல் வாங்குங்கள். அந்த சர்வே எண்ணுக்கு ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்றும் பாருங்கள். நான் எங்கே போனாலும் சொல்வது இதுதான்: வரைபடத்துப் பச்சையை நம்பாதீர்கள், தானப் பத்திரத்தைக் கேளுங்கள். பத்திரம் எழுதாமல் விட்ட இடம் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து வாரிசு பேரில் விலைக்கு வரும்.

சட்டம் உங்கள் பக்கம்தான். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, 1991-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது.

புது மனை: அன்அப்ரூவ்டு மனை பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்காகத்தான் 2017-இல் வரன்முறைத் திட்டம், அதாவது ஒப்புதல் இல்லாத மனையைச் சட்டப்படி ஒழுங்குபடுத்தும் திட்டம், வந்தது. பிறகு பிரித்ததைத் தொடாதீர்கள்.

பஜார் தெரு: எங்கள் கடைத்தெருவில் புதிதாக நடைபாதை போட்டார்கள். ஒருவரும் அதில் நடப்பதில்லை. தள்ளுவண்டிகளை எடுக்கச் சொல்லி சங்கத்தில் மனு எழுதுகிறோம். எந்த விதியைக் காட்டுவது?

மனு எழுதுவதற்கு முன் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் 2012 வழிகாட்டுதல்படி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். கடைத்தெருவுக்கு அதற்கும் மேல். உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. முழங்கால் உயரத்துக்குக் கட்டி, ஒவ்வொரு கேட்டுக்கும் உடைத்து உடைத்து இறக்கிவைத்தால் வயசானவர்கள் எப்படி ஏறி இறங்குவார்கள்? டிரான்ஸ்பார்மர், விளம்பரப் பலகை, நிறுத்திய பைக் எல்லாவற்றையும் எண்ணுங்கள். வண்டிக்காரர்கள் எத்தனாவது இடத்தில் வருகிறார்கள் என்று அப்புறம் பார்க்கலாம்.

பூக்கடை மகள்: என் அம்மா அப்படி ஒரு தெருவில்தான் 22 வருஷமாகப் பூ கட்டி விற்கிறாள். மனுப் போட்டால் உடனே தூக்கிவிடுவார்களா?

முடியாது, அம்மா. 2014-ஆம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. தெருவோர வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பில் அம்மா பெயர் இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள்.

பஜார் தெரு: அப்படியானால் என் மாமியார் சக்கர நாற்காலியில் நடுரோட்டில் போகட்டுமா?

கூடாது. அவர் போவதற்குத்தான் நடைபாதை. நல்ல நடைபாதைக்கு மூன்று பட்டை உண்டு: கட்டடத்தை ஒட்டிக் கொஞ்சம், நடுவில் நடக்க மட்டும், சாலை ஓரத்தில் மரம், விளக்குக் கம்பம், பூக்கூடை எல்லாம். நடுப்பட்டையில் ஒரு முழம்கூட யாருக்கும் தரக் கூடாது, பூக்காரம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூன்றும் இல்லாமல் நாலடி அகலத்தில் ஒன்றைக் கட்டிவிட்டு, அதில் நடப்பவரையும் விற்பவரையும் மோதவிடுவதுதான் பிழை.

ஹார்டுவேர் கடை: இடம் எங்கே இருக்கிறது மேடம்? வாடிக்கையாளர் வண்டி நிறுத்த வேண்டாமா? அவர்கள் வராவிட்டால் எங்களுக்கு வியாபாரம் ஏது?

இடம் இருக்கிறது, வண்டி நிற்கிறது. ஒரு கார் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் பிடிக்கும். அந்த இடத்தில் மூன்று பேர் கூடை வைத்துப் பிழைப்பார்கள். சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று தனிக் கொள்கையே போட்டது. சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் சாலையைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கி 2019 நவம்பரில் திறந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் போய் நின்று பாருங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபம் வேண்டாம். உங்கள் கட்டடத்தின் அனுமதி வரைபடத்தில் தரைத்தளம் வண்டி நிறுத்துமிடம் என்று இருக்கிறதா? நான் ஆய்வுக்குப் போன கடைத்தெருக்களில் பல கட்டடங்களில் அந்த இடம் ஷட்டர் போட்ட கடையாகவோ குடோனாகவோ மாறியிருந்தது. உள்ளே நிற்க வேண்டிய வண்டி தெருவுக்கு வந்தது, நடப்பவர் வண்டிக்கு நடுவே வந்தார். பழியை மட்டும் பூக்காரம்மா சுமக்கிறாள்.

ஹார்டுவேர் கடை: எங்கள் கட்டடத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் வாடகைக்கு இருப்பவன்.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. கட்டட உரிமையாளரிடம் பேசுங்கள். சங்கமும் மனுவை அந்தப் பக்கம் திருப்பட்டும்.

மாடிவீடு: முன்பக்கம் எத்தனை அடி விட வேண்டும்?

தெருவின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. இரண்டையும் சொல்லாமல் பதில் இல்லை.

தெற்கு வாசல்: முன்பக்கம் எத்தனை அடி மேடம்? அவசரம்.

மேலே படியுங்கள்.

வாசற்படி: ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்து, எங்கள் வாசல் இப்போது பள்ளத்தில் இருக்கிறது.

பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசே உத்தரவிட்டது. அதற்கு மில்லிங் என்று பெயர். வேலை தொடங்கும் அன்றே தெருவில் இறங்கி மில்லிங் வண்டி எங்கே என்று கேளுங்கள். போட்ட பிறகு புகார் கொடுத்தால் அடுத்த முறைக்குத்தான் பயன்படும்.

சொந்த வீடு கனவு: அன்அப்ரூவ்டு மனை, ஆனால் ஆள் தெரிந்தவர். வாங்கலாமா?

ஆள் தெரிந்தவராக இருக்கலாம். மனைக்கு ஒப்புதல் இல்லை. வேண்டாம்.

வார்டு வாசகர்: இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது? கவுன்சிலர் கண்ணிலேயே படுவதில்லை.

பகுதி சபையில், அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டத்தில். நகர உள்ளாட்சிகளுக்கான 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இலேயே நடைமுறைக்கு வந்தும், நம் ஊர்களில் பகுதி சபைக்கு விதிகள் வந்தது 2022-இல்தான். அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி முதல் கூட்டங்கள் நடந்தன. போகும்போது சர்வே எண், அளவு, போட்டோ மூன்றும் கையில் இருக்கட்டும். சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாம் குறுக்குத் தெரு: மேடம், ஈசி போட்டுவிட்டோம். 1994-இலிருந்து பார்த்தும் தானப் பத்திரம் இல்லை. மனசே விட்டுப்போய்விட்டது.

எந்த மாதத்திலிருந்து போட்டீர்கள்? ஒப்புதல் தேதியிலிருந்து என்றால் அது போதாது. தானப் பத்திரம் பதிவான பிறகே இறுதி ஒப்புதல் கொடுப்பது வழக்கம். அதனால் பத்திரம் ஒப்புதலுக்கு முந்தின தேதியில் இருக்கும். இரண்டு வருஷம் பின்னே போய், பிரிப்பதற்கு முன்பிருந்த பழைய சர்வே எண்ணிலும் தேடச் சொல்லுங்கள். இதற்கிடையில் எல்லா மனைக்காரர்களும் கையெழுத்திட்டு, வரைபட நகலோடு சார்பதிவாளருக்கும் ஆணையருக்கும் இன்றைக்கே, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள். அந்த இடத்தில் ஒரு கிரயம் பதிவாகிவிட்டால் வேலை பத்து மடங்காகும்.