பில்டரின் வாயில் ஒட்டிக் கிடந்த நியோன் மீன்கள்

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் வசிக்கிறோம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட தொட்டியில் கப்பிகளும் நியோன் டெட்ராக்களும் வளர்க்கிறோம். பழைய பில்டர் சத்தம் போட்டதால் அதை எறிந்துவிட்டு, மூன்று வாரங்களுக்கு முன்னர் புதிய பில்டர் ஒன்றைத் தொட்டிக்குள் பொருத்தினோம். மணிக்கு 800 லீற்றர் என்று அதன் பெட்டியில் இருக்கிறது. அதன் பின்னர் மூன்று நியோன்கள் பில்டரின் வாயில் ஒட்டியபடி செத்துக் கிடந்தன. கப்பிக் குஞ்சுகளும் ஒவ்வொன்றாகக் காணாமற்போகின்றன. இரவில் பில்டரை நிறுத்திவிட்டால் மீனும் தப்பும், மின்கட்டணமும் குறையும் என்கிறார் கணவர். நிறுத்தலாமா? மகள் ஒரு பைட்டர் மீன் கேட்கிறாள். அதை இதே தொட்டியில் விடலாமா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரவில் பில்டரை நிறுத்த வேண்டாம். உங்கள் கடிதத்தில் உடனே பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான் என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன். கொழும்பில் தொட்டித் தண்ணீர் ஹீட்டர் இல்லாமலே பெரும்பாலும் 27, 28 பாகையில் நிற்கிறது. 20 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 28 பாகையில் அது 8 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடும். இரவில் தொட்டியிலுள்ள செடிகளும் ஒட்சிசனைக் கொடுக்காமல் எடுத்துக்கொள்ளும். தண்ணீரின் மேற்பரப்பை அசைத்துக்கொண்டிருப்பது பில்டர் ஒன்றுதான். மின்கட்டணத்தைப் பொறுத்தவரை, உங்கள் பில்டர் 10 வாட் என்று வைத்துக்கொண்டால் முழுநாளும் ஓடினாலும் மாதத்துக்கு 7 அலகு அளவில்தான் வரும். இரவு எட்டு மணி நேரம் நிறுத்தி மிச்சம்பிடிப்பது இரண்டரை அலகைத் தாண்டாது.

இனி நியோன்களுக்கு வருவோம். வளர்ந்த நியோன் மீன் 3 சென்ரிமீற்றர் அளவுதான் இருக்கும், ஆனாலும் நல்ல உடல்நிலையில் உள்ள நியோன், வீட்டுத் தொட்டிக்கான பில்டரின் இழுப்பிலிருந்து நீந்தி விலகிவிடும். வாயில் ஒட்டிக் கிடக்கும் மீன் பெரும்பாலும் அங்கு வந்து சேருமுன்னரே செத்ததாகவோ, நீந்தத் தெம்பில்லாமல் மிதந்து வந்ததாகவோதான் இருக்கும். தொட்டியில் ஓட்டம் போகும் இடம் அதுவாகையால் சருகும் அங்குதான் சேரும், செத்த மீனும் அங்குதான் சேரும். ஆகவே, பில்டர் எப்படிக் கொன்றது என்று பார்ப்பதைவிட, அந்த மீன்கள் ஏன் பலமிழந்தன என்று பார்ப்பதே பயன் தரும்.

அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: பழைய பில்டரை எறிந்துவிட்டீர்கள். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை ஓரளவு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பெரும்பாலும் பில்டரின் ஸ்பொஞ்சில்தான் குடியிருக்கின்றன. ஊத்தையாகத் தெரிந்த அந்தப் பழைய ஸ்பொஞ்சுடன் அவையும் குப்பைக்குப் போய்விட்டன. புதிய ஸ்பொஞ்சில் அவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். நீங்கள் மூன்றாவது வாரத்தில் நிற்கிறீர்கள். வெப்பம் கூடிய தண்ணீரில் அமோனியாவின் நச்சுத்தன்மை மேலும் கூடும். கப்பி இதைக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், நியோன் தாக்குப்பிடிக்காது. அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் அமோனியா, நைத்திரைற் பரிசோதனைச் சொட்டுமருந்தை வாங்கிப் பாருங்கள். இரண்டுமே பூச்சியமாக இருக்க வேண்டும். அப்படி வரும்வரை இரண்டு நாளுக்கொரு தடவை காற்பங்கு தண்ணீரை மாற்றுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது தமது பில்டர் ஸ்பொஞ்சில் ஒரு துண்டை வெட்டித் தந்தால், அதை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் பில்டருக்குள் வைப்பது எல்லாவற்றிலும் விரைவான வழி.

குழாய்த் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு நகருக்கு வரும் களனி ஆற்றுத் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கிறது. நாம் குடிப்பதற்கு அது நல்லது, ஸ்பொஞ்சிலுள்ள பற்றீரியாவுக்கு ஆகாது. ஆகையால், தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பொஞ்சைக் குழாயடியில் பிடித்துக் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை பிழிந்தால் போதும். வெள்ளை வெளேரென்று ஆக்க வேண்டியதில்லை.

குஞ்சுகளின் கதை வேறு. பிறந்த கப்பிக் குஞ்சு 6 முதல் 8 மில்லிமீற்றர் நீளம், உடல் நூல்போல மெல்லியது. பில்டரின் பக்கத்துத் துவாரங்கள் 2, 3 மில்லிமீற்றர் அகலம் இருந்தாலே உள்ளே போய்விடும். இங்கே பில்டர்மேல் உள்ள குற்றச்சாட்டு நியாயமானது, என்றாலும் முழுப்பழியையும் அதன்மேல் போட முடியாது, ஏனென்றால் தாய்க் கப்பியே தான் போட்ட குஞ்சைத் தின்னும், நியோனும் விடாது. எவ்வளவு பில்டருக்குள் போகிறது என்று அறிய, மோட்டாரை நிறுத்தி, பில்டர் தண்ணீருக்குள் இருக்கும்போதே அதன் அடியில் ஒரு கோப்பையைப் பிடித்து, இரண்டையும் சேர்த்துத் தூக்குங்கள். வெறுமனே தூக்கினால் துவாரங்கள் வழியாகத் தண்ணீர் கொட்டும்போது உள்ளே இருப்பதும் கொட்டிப்போகும். பிறகு மூடியைக் கழற்றி, உறைக்கும் ஸ்பொஞ்சுக்கும் இடையிலுள்ள சந்தைப் பாருங்கள். அந்தச் சந்தில் இரண்டு கரிய கண்களும் துடிக்கும் வாலுமாகக் குஞ்சு உயிரோடு நிற்பதைக் காணலாம். தண்ணீர் ஸ்பொஞ்சைக் கடந்த பின்னரே சுழலும் விசிறிக்குப் போவதால் அதுவரை தப்பியிருக்கும். பார்க்காமல் ஸ்பொஞ்சைப் பிழிந்தால்தான் சாகும்.

இதற்குப் பரிகாரம் மலிவானது. மீன் தொட்டிக்கென்று விற்கப்படும், கண் பெரிய கரடுமுரடான ஸ்பொஞ்சை ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் வாங்கி, துவாரங்கள் முழுவதும் மறையும்படி பில்டரைச் சுற்றி, நைலோன் நூலால் கட்டுங்கள். ரப்பர் பாண்ட் தண்ணீரில் கிடந்து இற்றுப்போகும். பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சு வேண்டாம், கிருமிநாசினி ஊறியவையும் அவற்றில் உண்டு. சிலர் நைலோன் காலுறையை இழுத்துக் கட்டுவார்கள். குஞ்சு போகாதுதான், ஆனால் சில நாட்களிலேயே அடைத்துக்கொண்டு மோட்டார் திணறும். ஸ்பொஞ்சு சுற்றினால் இன்னொரு நன்மையும் உண்டு: ஒரு சில துவாரங்களில் குவிந்திருந்த இழுப்பு பெரிய பரப்பில் பரவிவிடுவதால், எந்த இடத்திலும் மீனைப் பிடித்து வைக்கும் அளவு பலம் இராது. வெளியே வரும் ஓட்டம் மெலிந்தால் பிழிய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

உங்கள் பில்டர் இந்தத் தொட்டிக்குப் பெரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். விளிம்புவரை நிரப்பினால் 57 லீற்றர் கொள்ளும் தொட்டியில், கல்லும் மேல் இடைவெளியும் போக 50 லீற்றர் இருந்தால் அதிகம். மணிக்கு 800 லீற்றர் என்றால் தொட்டித் தண்ணீர் மணிக்கு 16 தடவை சுற்றுகிறது. பெட்டியில் போடும் கணக்கு நடைமுறையில் குறைவாகவே வரும் என்றாலும், அமைதியான தண்ணீரை விரும்பும் சிறுமீன்களுக்கு நாலைந்து தடவை போதும். புதிதாக இன்னொன்று வாங்கவேண்டிய தேவையில்லை. ஓட்டத்தைக் குறைக்கும் திருகி இருந்தால் குறையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் வெளியேறும் வாயை எதிர்க் கண்ணாடியை நோக்கிச் சற்று மேலே திருப்பிவிடுங்கள். பில்டரைக் கண்ணாடியோடு ஒட்ட வையுங்கள் அல்லது நான்கு விரல் இடைவெளி விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் விட்ட ஒடுங்கிய சந்தில்தான் மீன் புகுந்து மாட்டிக்கொள்ளும். பிடிக்கும் ரப்பர்க் கிண்ணங்கள் காலப்போக்கில் இறுகிக் கழன்று, பில்டர் சரிந்துவிடும் என்பதால் அவற்றையும் இடைக்கிடை அழுத்திப் பாருங்கள்.

தொட்டிக்குள் கை வைக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். 230 வோல்ட் மின்சாரம் மீனையும் ஆளையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும், அப்போதுதான் வழிந்து வரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றபோது தொட்டி வைத்திருந்தவர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். ஓரிரு மணி நேர மின்வெட்டை உங்கள் தொட்டி தாங்கும். அதற்கு மேல் நீடித்தால் பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்று கைகொடுக்கும். மின்சாரம் வரும்வரை தீனி போடாதீர்கள். காற்றுப் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தால், அது நின்ற நேரத்தில் தண்ணீர் குழாய்வழியே திரும்பி இறங்காதபடி ஒருவழி வால்வைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

மகளின் பைட்டர் மீனை இந்தத் தொட்டியில் விடவேண்டாம். கப்பியின் பெரிய நிறவாலைக் கண்டால் அது இன்னொரு பைட்டர் என்று எண்ணித் துரத்தும். அதன் சொந்தச் செட்டைகளோ நீளமானவை. இந்த ஓட்டத்தில் நீந்தியே களைத்துவிடும், துவாரங்களில் செட்டை சிக்கிக் கிழியவும் கூடும். மூடியுள்ள 20 லீற்றர் தொட்டி ஒன்றும், காற்றுப் பம்பில் மெதுவாக ஓடும் ஸ்பொஞ்ச் பில்டர் ஒன்றும் அதற்குப் போதும். அந்த ஸ்பொஞ்ச் பில்டரை இப்போதே வாங்கி, மோட்டார் பில்டருக்குப் பக்கத்தில் உங்கள் பெரிய தொட்டியிலேயே ஓடவிடுங்கள். பரிசோதனையில் அமோனியா, நைத்திரைற் இரண்டும் பூச்சியம் காட்டி, மேலும் சில வாரங்கள் மீன் சாகாமல் இருந்தால், அதைப் பற்றீரியாவோடு எடுத்துச் சிறிய தொட்டியில் வைத்துவிட்டு, மகளைக் கடைக்குக் கூட்டிப் போகலாம்.