ஒரு புத்தகம் செவ்வியல் படைப்பு ஆவது எப்படி?

கதையின் முடிவு தெரிந்த பிறகும், எழுதிய காலத்தின் சூடு ஆறிய பிறகும், புதிய வாசகர்களுக்குப் புதிதாக எதையோ தருகிற நூல்தான் செவ்வியல் நூல். வெறும் பொழுதுபோக்கு நூலை ஓட்டுவது “அடுத்து என்ன?” என்ற ஒரே கேள்வி. விடை கிடைத்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. செவ்வியல் நூலிலோ “இவர் ஏன் இப்படிச் செய்தார்?” என்பதற்கு ஒற்றை விடை இல்லை. அதைப் படித்து இருபது வயதில் மகனின் பக்கம் நின்றவர், ஐம்பதில் தந்தையின் பக்கம் நிற்பார்.

கொழும்புக் காலிமுகத்திடலில் விற்கும் இறால் வடையைச் சுடச்சுடத் தின்ன வேண்டும். ஆறினால் அந்தச் சுவை இல்லை. தேசிக்காய் ஊறுகாய் நாள்பட நாள்பட ஊறும். இரண்டும் நல்ல சாப்பாடுதான்!

சோதிக்க ஒரு வழி: படித்து முடித்த நூலின் நடுவில் பத்துப் பக்கங்களை ஓராண்டு கழித்துத் திரும்பப் படியுங்கள். முன்பு கண்ணில் படாத ஒன்று இப்போது தெரிகிறதா?

தரம் மட்டும் போதாது, கைமாற்றிக் கொடுக்க ஆட்களும் வேண்டும். ஏடுகளில் கிடந்த கலித்தொகையை யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் அச்சேற்றினார். உரையாசிரியர், பதிப்பாசிரியர், கற்பிக்கும் ஆசிரியர் என்ற இந்தச் சங்கிலி அறுந்தால் நல்ல நூலும் மறைந்துபோகும்.

நிறைய விற்றால் அது செவ்வியல் ஆகாது என்று பலர் நினைப்பது தவறு: சார்ள்ஸ் டிக்கன்ஸின் நாவல்கள் பல, மாதந்தோறும் மக்கள் காத்திருந்து வாங்கிய தொடர்கதைகளே.