கண்ணில் ஒரு செப்புச் சுருள்: கேள்வி பதில்

கேள்வி: கண் அசைவை மின்காந்தத் தூண்டலால் அளப்பது எப்படி சார்?

பதில்: கருவிழியைச் சுற்றி வெண்விழியில் ஒட்டும் சிலிகான் வளையம். அதற்குள் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். தலையைச் சுற்றியுள்ள சட்டத்தின் பெரிய சுருள்களில் மாறுமின்னோட்டம். அது உண்டாக்கும் காந்தப்புலம் இடமிருந்து வலமாக இருந்தால், நேரே பார்க்கும் கண்ணின் சுருளில் மின்னழுத்தம் பூஜ்யம்; திரும்பினால் கோணத்தின் சைன் அளவுக்கு ஏறும். கண் அசைவு ஆய்வாளர் டேவிட் ராபின்சன் 1963-இல் தந்த முறை. சிலிகான் வளையம் 1975-இல் கொலெவைன் குழு கொண்டுவந்தது.

கேள்வி: எவ்வளவு மின்னழுத்தம் கிடைக்கும்? மேலும் கீழும் அளக்க?

பதில்: 10 சுற்று, 18 மி.மீ. விட்டம், 50 கிலோஹெர்ட்ஸ், 10 மைக்ரோடெஸ்லா என்று வையுங்கள். உச்சம் சுமார் 8 மில்லிவோல்ட். நடுவில் 1 பாகைக்கு 0.14 மில்லிவோல்ட். இரைச்சலிலிருந்து இதைப் பிரிக்க லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் (புலத்தின் அதிர்வெண்ணில் வரும் சமிக்ஞையை மட்டும் எடுக்கும் பெருக்கி) கட்டாயம். மேல்-கீழ் அசைவை அளக்க, மேலிருந்து கீழாக இன்னொரு புலம், வேறு அதிர்வெண்ணில். அல்லது அதே அதிர்வெண்ணில் 90 பாகை கட்ட (phase) வேறுபாட்டோடு.

கேள்வி: கண் அசையாமலே அளவு நகர்கிறது. ஆம்ப்ளிஃபையரை மாற்றிப் பார்த்துவிட்டேன்.

பதில்: முதலில் கம்பியைப் பாருங்கள். வளையத்திலிருந்து வரும் இரு கம்பிகளும் இணைப்பான் வரை இறுக்கி முறுக்கப்பட்டிருக்க வேண்டும். இணைப்பான் அருகே அவிழ்ந்து 1 சதுர செ.மீ. இடைவெளி விட்டால், அதுவே ஒரு சுற்றுச் சுருள். மேலே சொன்ன புலத்தில் 0.3 மில்லிவோல்ட், அதாவது 2 பாகைக்கு மேல் பொய்க் கோணம்! கன்னத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். ஆடினால் பொய்யும் ஆடும். அதுவும் சரியென்றால் பக்கத்தில் புலத்தைக் கலைக்கும் இரும்பு நாற்காலி இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: 30 பாகை திருப்பினால் 28.6 காட்டுகிறது. சுருள் பழுதா?

பதில்: இல்லை. சைனை நேர்கோடாக எடுத்திருக்கிறீர்கள், ஆர்க்சைன் (சைன் மதிப்பிலிருந்து கோணத்தைத் தரும் சார்பு) போடுங்கள். ஆளுக்குப் போடுமுன் சுருளைக் கோணமானி பொருத்திய தாங்கியில் வைத்து 5 பாகைக்கொரு முறை குறித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: கேமரா இருக்க இது எதற்கு?

பதில்: இமை மூடினாலும் அளக்கும். கூடுதலாக ஒரு சுருள் சுற்றினால் கண்ணின் உருள் அசைவும் (பார்வைக் கோட்டை அச்சாகக் கொண்ட சுழற்சி) கிடைக்கும். குறையும் உண்டு: வளையம் போட்ட கண்ணின் பாய்ச்சல் (பார்வை சட்டென இடம் மாறும் அசைவு) சற்றே மந்தமாகும்.

கேள்வி: எனக்கு நானே போட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். மரப்புச் சொட்டு போட்ட கண்ணுக்குக் கீறல் தெரியாது. பயிற்சி பெற்றவர் போட்டாலும் பொதுவாக அரை மணிநேரத்தில் கழற்றிவிடுவார்கள்.