மக்கள் ஏன் சூழலுக்கு உகந்த பழக்கங்களுக்கு மாறுகிறார்கள் என்பதைக் கேள்வித்தாளை மட்டும் வைத்து அளக்க முடியுமா?

முடியாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எம்பிஏ ஆய்வுக்காக பெங்களூரு அல்சூரில், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த தெருக்களில் வீடு வீடாகப் போனேன். உளவியலாளர் அஜ்சென் 1991-இல் விரித்தெழுதிய ‘திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு’தான் அடிப்படை. நம் மனப்பாங்கு, சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு, ‘நம்மால் முடியும்’ என்ற நினைப்பு, இந்த மூன்றும் சேர்ந்துதான் ஒன்றைச் செய்யும் எண்ணம் பிறக்கிறது என்பார் அவர். என் கேள்வித்தாளில் ஒவ்வொன்றுக்கும் சில வாக்கியங்கள், ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண்; முழுக்க ஒப்புக்கொண்டால் ஐந்து. ‘பிளாஸ்டிக் பையைத் தவிர்ப்பேன்’ என்பதற்கு ஏறக்குறைய எல்லோரும் ஐந்து போட்டார்கள். கர்நாடகத்தில் 2016-லேயே அதற்குத் தடை வந்தாயிற்று. வாசலில் ஒரு பையன் தாளோடு நின்று கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? எல்லோரும் ஐந்து போடுகிற கேள்வி யாரையும் பிரித்துக் காட்டாது.

பிறகு ஒரு காய்கறிக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு நாலு சாயங்காலம் அங்கேயே நின்று, யார் கையில் பை இருக்கிறது என்று எண்ணினேன். ஐந்து போட்ட பலர் வெறுங்கையோடு வந்தார்கள். பழைய தாம்பூலப் பையோடு வந்த ஓர் அம்மாவிடம், “சுற்றுச்சூழலுக்காகவாம்மா?” என்றேன். “அதெல்லாம் இல்லப்பா. கவர் கையை அறுக்குது. எங்க வீட்டு வரிசையில எல்லாரும் பைதான் எடுத்துட்டு வர்றாங்க” என்றார். என் தாளில் கை வலிக்கு ஒரு வரிகூட இல்லை.

அவர் இரண்டாவதாகச் சொன்னதுதான் முக்கியம். 2008-இல் வெளியான கலிஃபோர்னிய ஆய்வு ஒன்றில், மின்சாரம் சேமிக்கத் தூண்டுவது எது என்று கேட்டபோது மக்கள் அக்கம்பக்கத்தாரைக் கடைசியில் வைத்தார்கள். ஆனால் அவர்களுடைய சேமிப்போடு மிக நெருங்கிப் பொருந்தியது, ‘அக்கம்பக்கத்தார் சேமிக்கிறார்கள்’ என்ற நம்பிக்கைதான். அதே ஆய்வில் வீட்டுக் கதவுகளில் வெவ்வேறு வாசக அட்டைகளை மாட்டி மீட்டரையும் பார்த்தார்கள். ‘உங்கள் தெருவில் பலரும் சேமிக்கிறார்கள்’ என்ற அட்டைதான் மின் பயன்பாட்டை அதிகம் குறைத்தது. தன்னை எது தூண்டுகிறது என்பது பல நேரம் அவரவருக்கே தெரிவதில்லை.

அதனால் முதலில் பத்துப் பேரிடம் உட்கார்ந்து பேசுங்கள், தாளை அதன் பிறகு எழுதுங்கள். ‘தவிர்ப்பீர்களா’ என்று கேட்காதீர்கள். ‘கடைசியாகக் கடைக்குப் போனபோது எதில் வாங்கி வந்தீர்கள்’ என்று கேளுங்கள். குப்பை பிரிப்பது பற்றிய ஆய்வென்றால், காலையில் குப்பை வண்டி வரும்போது தெருமுனையில் நின்று வாளிக்குள் எட்டிப் பாருங்கள்.